ஈரமும் தூரமும்

மலேசியாவில் பாகான் செராயைச் சுற்றிக் கருவி வேலை பார்க்கிறவன் இரண்டு விஷயங்களோடு மல்லுக்கட்டியே ஆகவேண்டும். ஒன்று ஈரம், மற்றொன்று தூரம். மேற்கே கடலோரம் வரைக்கும் வயல். 1906-இல் கட்டி முடித்த புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் பூமி இது. வயல் முடிகிற இடத்தில் செம்பனை தொடங்கும். செம்பனைக்கு முன்னால் அங்கே ரப்பர் நின்றது. ரப்பருக்கும் முன்னால் குலா பக்கம் கரும்பு இருந்தது, அந்தக் கரும்புக்காகக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தாம் இன்று இந்தப் பக்கத்து ஆலைகளில் பாய்லர் பார்க்கிறார்கள், பேனல் பார்க்கிறார்கள். பயிர் மாறிக்கொண்டே வந்தாலும் மழை மாறவில்லை. காரில் கொஞ்ச நேரம் போனால் தைப்பிங்; ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற ஊர். தோட்டத்து ஆலைகளோ பரந்து கிடப்பவை. பாய்லர் ஓரிடம், எண்ணெய்த் தொட்டிகள் ஓரிடம், கழிவுநீர்க் குளங்கள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இன்னோரிடம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிக்னல் கண்டிஷனருக்கு வோல்டேஜ் அவுட்புட் கேட்பதா, கரண்ட் அவுட்புட் கேட்பதா என்பதை இடத்தை நடந்து பார்த்த பிறகே முடிவு செய்யவேண்டும் என்பது என் கட்சி. "தொழிற்சாலை என்றால் 4–20 மில்லிஆம்பியர், அதற்கு மேல் பேச்சே இல்லை" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பத்துக்கு எட்டு இடத்தில் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் ஏன் சரி என்று தெரியாமல் சொன்ன சரி, மீதி இரண்டு இடத்தில் கைவிட்டுவிடும்.

முதலில் இந்தக் கண்டிஷனர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழக்குலையை வேகவைக்கிற ஸ்டெரிலைசரில் நீராவி 3 பார் அழுத்தத்தில், 140 டிகிரி சொச்சத்தில் நிற்கும். அந்தச் சூட்டைக் கே வகைத் தெர்மோகப்பிள் 5.7 மில்லிவோல்ட் என்று சொல்லும். பிடி100 என்றால் 153.6 ஓம் என்று சொல்லும். எடை பார்க்கும் லோட்செல்லுக்கு 10 வோல்ட் கொடுத்தால், முழு எடையும் ஏறி நிற்கும்போது திரும்பக் கிடைப்பது 20 மில்லிவோல்ட்தான். இவ்வளவு சன்னமான குரலை, பிரஸ்சும் டைஜெஸ்டரும் ஓடுகிற 415 வோல்ட் கேபிள்களுக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் இழுத்துக்கொண்டு போகமுடியாது. கண்டிஷனர் அந்தக் குரலை வாங்கி, சுத்தம் செய்து, தொலைவுக்குக் கேட்கிற மாதிரி எடுத்துச் சொல்கிறது. எந்த மொழியில் சொல்லச் சொல்வது என்பதில்தான் நம் கேள்வி பிறக்கிறது. அளவை அழுத்தமாகச் சொன்னால் 0–10 வோல்ட். ஓட்டமாகச் சொன்னால் 4–20 மில்லிஆம்பியர்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் வாய்க்காலைக் காட்டித்தான் சொல்வேன். தலைமதகில் நிற்கிறவன் "நிமிஷத்துக்கு இவ்வளவு தண்ணீர் போயே தீரவேண்டும்" என்று பிடிவாதமாக இருந்தால், நடுவழியில் வாய்க்கால் கொஞ்சம் குறுகினாலும் பரவாயில்லை. அவன் மதகை இன்னும் தூக்கி அதே அளவைத் தள்ளிவிடுவான், கடைமடைக்கு அதே தண்ணீர் போய்ச் சேரும். கரண்ட் அவுட்புட் இந்த ரகம். ஆனால் கரையில் நண்டு வளை போட்டிருந்தால்? தலைமதகில் விட்டதும் கடைமடையில் வந்ததும் ஒத்துப்போகாது. வோல்டேஜ் அவுட்புட் மதகடியில் நீர்மட்டத்தை மட்டும் காப்பாற்றுகிறவன். சின்னக் கசிவு இருந்தால் அவனுக்குக் கவலையில்லை, இன்னும் கொஞ்சம் விட்டு மட்டத்தைச் சரிசெய்துவிடுவான். வழியில் இருக்கிற அடைப்பும் மேடுபள்ளமும்தான் அவனைக் கவிழ்க்கும்.

இதைக் கம்பிக்குக் கொண்டுவந்தால் இப்படி ஆகும். வழியில் தொடராக வந்து சேர்கிற எதையும் கரண்ட் பொருட்படுத்தாது: கம்பியின் தடை, துருப்பிடித்த டெர்மினல், பக்கத்து மோட்டார் கேபிள் தூண்டிவிடும் மின்னழுத்தம், இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு நடுவே உள்ள வித்தியாசம். இரண்டு கம்பிக்கும் நடுவே பக்கவாட்டில் நடக்கிற கசிவை வோல்டேஜ் பொருட்படுத்தாது. நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயம் இதுதான். "தூரத்துக்குக் கரண்ட், பக்கத்துக்கு வோல்டேஜ்" என்கிற சூத்திரம் இதிலிருந்து பிறந்த பிள்ளை; தாயை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் பிடித்துக்கொண்டால் ஈரத்தில் மாட்டிக்கொள்வோம்.

தூரத்தை முதலில் பார்ப்போம். தூரம் போனால் வோல்டேஜ் கம்பியிலேயே விழுந்துவிடும் என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டால் அந்த விளக்கம் நிற்காது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 36 ஓம். 300 மீட்டர் போய்த் திரும்பினால் 22 ஓம். ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யில் சிக்னலை வாங்குகிற கார்டின் உள்தடை 100 கிலோ ஓம் என்றால், 10 வோல்ட்டில் அது இழுப்பது 0.1 மில்லிஆம்பியர். 22 ஓமில் விழுவது 2 மில்லிவோல்ட் சொச்சம், அதாவது 10 வோல்ட்டில் 0.02 சதவீதம். இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உண்மையான கேடு வேறு பாதையில் வருகிறது.

ஓர் ஆலையில் அதை முழுசாகப் பார்த்தேன். சுடுநீர்த் தொட்டி ஒன்றில் மூன்று வயர் லெவல் சென்சர்: ஒரு வயர் 24 வோல்ட், ஒரு வயர் 0–10 வோல்ட் சிக்னல், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வயர். கண்ட்ரோல் ரூம் 280 மீட்டர் தள்ளி. சென்சர் தன் செலவுக்கு 30 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. அதுவும் அந்தப் பொது வயரில்தான் திரும்பி வருகிறது. அந்த ஒற்றை வயரின் தடை 10 ஓம். 30 மில்லிஆம்பியரை 10 ஓமால் பெருக்கினால் 0.3 வோல்ட். சென்சரின் பூஜ்யம் பி.எல்.சி.யின் பூஜ்யத்தைவிட 0.3 வோல்ட் உயர்ந்து நிற்கிறது. காலித் தொட்டி 3 சதவீதம் நிறைந்திருப்பதாகத் திரையில் தெரிகிறது. யாரோ புரோகிராமில் 3 சதவீதத்தைக் கழித்துவிட்டு வேலையை முடித்திருந்தார்கள். பிறகு பக்கத்துத் தொட்டிக்கும் அதே மாதிரி சென்சர் போட்டு, கோர் மிச்சம் பிடிக்க அதே பொது வயரில் சேர்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு விசித்திரம். இரண்டாவது தொட்டியின் சென்சரை அணைத்தால் முதல் தொட்டியின் மட்டம் 3 சதவீதம் இறங்கும். ஆபரேட்டர்கள் இரண்டு தொட்டிக்கும் அடியில் ஏதோ குழாய் இணைப்பு இருக்கிறது என்று முடிவுகட்டி வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிகளுக்கு நடுவே குழாய் எதுவும் இல்லை. இருந்த ஒரே இணைப்பு அந்தப் பொது வயர்தான்.

மூன்று வயர் வோல்டேஜ் சென்சர் என்று வந்தாலே நான் திரும்பும் பாதையைத்தான் முதலில் கேட்பேன். சிக்னலுக்கென்று தனியாக ஒரு திரும்பும் வயர் இருந்து, கார்டு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அளக்குமானால், 280 மீட்டரில்கூட வோல்டேஜ் மானமாக வேலை செய்யும். வயரை மாற்ற வழியில்லை என்றால் சென்சருக்குப் பக்கத்திலேயே ஒரு கண்டிஷனரை வைத்து 4–20 ஆக மாற்றிவிடுவது உத்தமம். குளோரின் புழங்குகிற நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இது இன்னும் அவசியம். அங்கே டெர்மினல் பச்சை பூத்து ஐந்து ஓம் தடை சேர்ந்துவிடுவது சாதாரணம்; பொது வயரில் அந்த ஐந்து ஓம் வந்தால் இன்னொரு 0.15 வோல்ட் பொய் சேர்ந்துவிடும். கரண்ட் லூப்பில் அதே ஐந்து ஓம் வந்த சுவடே தெரியாது.

கரண்டுக்கு இன்னொரு பெருமை உண்டு, அதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். அது செத்தால் செத்தது என்று சொல்லும். 0–10 வோல்ட்டில் பூஜ்யம் என்றால் தொட்டி காலி என்று அர்த்தம். எலி வயரைக் கடித்துவிட்டாலும் பூஜ்யம்தான். செம்பனை ஆலையில் எலிக்கா பஞ்சம்! மட்டம் பூஜ்யம் என்று நம்பி பி.எல்.சி. பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும், தொட்டி வழிந்து எண்ணெய் சாக்கடையில் ஓடும். 4–20-இல் காலித் தொட்டி 4 மில்லிஆம்பியர். அறுந்த வயர்தான் பூஜ்யம். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. இந்த உயிருள்ள பூஜ்யம் மின் சிக்னலுக்கு முந்தியது. ஆலைகள் காற்றழுத்தக் குழாய்களில் சிக்னல் அனுப்பிய காலத்தில் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. என்று வைத்திருந்தார்கள், குழாய் உடைந்தால் முள் மூன்றுக்குக் கீழே விழும், பாய்லர்மேன் உடனே எழுந்துவிடுவார். 3-க்கு 15 என்ற அதே ஒன்றுக்கு ஐந்து விகிதம்தான் 4-க்கு 20 ஆக வந்தது. நடுவில் 10–50 மில்லிஆம்பியர் என்றும் ஒரு வழக்கம் இருந்து, டிரான்சிஸ்டர் காலத்தில் மறைந்துபோயிற்று. கீழே ஒதுக்கிய அந்த 4 மில்லிஆம்பியரை வைத்தே டிரான்ஸ்மிட்டர் தன் உள்வேலைக்கு வேண்டிய மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கிறது. தகவலும் சாப்பாடும் ஒரே இரண்டு வயரில். இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டை என் தொழிலில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

பிற்காலத்தில் நாமூர் அமைப்பின் என்.இ.43 பரிந்துரை இதை இன்னும் கூர்மையாக்கியது. 3.8 முதல் 20.5 வரை அளவு, 3.6-க்குக் கீழே இறங்கினாலோ 21-ஐத் தாண்டினாலோ கருவிக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். கண்டிஷனர் வாங்கும்போது சென்சர் அறுந்தால் மேலே போகவா கீழே போகவா என்று கேட்கிற சின்ன சுவிட்ச் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. பாய்லர் டிரம்மின் நீர்மட்டத்துக்கு அதைக் கீழ்ப்பக்கம் வையுங்கள்: சென்சர் போனால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று கொண்டு அடுப்பு அணையவேண்டும். அணைந்த பாய்லரால் போவது ஒரு ஷிப்ட் உற்பத்தி. தண்ணீர் இல்லாமல் எரிந்த பாய்லரால் போவது ஆள்.

இவ்வளவு புகழ்ந்தபிறகு ஈரத்துக்கு வருகிறேன்.

கழிவுநீர்க் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உங்க மீட்டரு மழைய நம்புது, என் கோல நம்ப மாட்டேங்குது" என்றார். என்னண்ணே ஆச்சு என்று கேட்டேன். "கோல் போட்டுப் பார்த்தா நாலடி. ரூம்ல அஞ்சடின்னு காட்டுது. மழை பேஞ்ச மறுநா காலைல அஞ்சடி, வெயில் ஏறி மத்தியானம் ஆனா தானா நாலடி. கொளத்துல அதுக்குள்ள யாரு வந்து தண்ணி எடுத்துட்டுப் போனா?"

அந்த மனிதர் முழு நோயறிதலையும் முடித்துவிட்டார், நான் போய்ப் பெயர் வைத்ததுதான் பாக்கி. எட்டடி வீச்சுள்ள இரண்டு வயர் லெவல் டிரான்ஸ்மிட்டர். நாலடி என்றால் பாதி, அதாவது 12 மில்லிஆம்பியர். அஞ்சடி என்றால் 14. எங்கிருந்தோ 2 மில்லிஆம்பியர் சேர்கிறது. குளக்கரையில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். மேலிருந்து நுழைத்த கேபிள். அதன் வழியாகவே மழைநீர் உள்ளே இறங்கியிருந்தது. ஒரு மூலையில் பல்லி முட்டை, டெர்மினல் வரிசை மேல் எறும்பு கொண்டுவந்து போட்ட மண். பிளஸ்சும் மைனஸும் பக்கத்துப் பக்கத்து டெர்மினலில் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஈர மண் பாலம் போட்டிருந்தது. டிரான்ஸ்மிட்டரின் வயரைக் கழற்றிவிட்டு லூப்பில் மீட்டரை வைத்தேன். கருவியே இல்லாத லூப்பில் எதுவும் ஓடக்கூடாது. 2 மில்லிஆம்பியருக்குச் சற்று மேலாகவே ஓடியது. 24 வோல்ட்டுக்கு நடுவே 10 கிலோ ஓம் ஈரம் இருந்தால் இவ்வளவு ஓடும். 16 மில்லிஆம்பியர் வீச்சில் எட்டில் ஒரு பங்கு, எட்டடியில் ஓரடி. கோல் சொன்னது சரி.

அதே ஈரம் 0–10 வோல்ட் சிக்னலின் மேல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல கண்டிஷனரின் வெளித்தடை சில ஓம்தான். 10 கிலோ ஓம் கசிவுக்கு ஒரு மில்லிஆம்பியரைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு அது தன் மட்டத்திலேயே நின்றிருக்கும். பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. கரண்ட் லூப் எதற்கும் அசையாது என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. அதுவும் இந்தப் பிழை அலாரம் அடிக்காது. 14 மில்லிஆம்பியர் என்பது முழுக்க நியாயமான எண்; என்.இ.43-க்கும் அது நல்லபிள்ளைதான். கோல் வைத்திருந்த ஒருவர் மட்டும்தான் அதைப் பிடித்தார்.

அதற்காக அந்தக் குளத்துக்கு நான் வோல்டேஜ் சிபாரிசு செய்யவில்லை. தூரம் 400 மீட்டருக்கு மேல், மின்னல் வேறு. கரண்டையே வைத்துக்கொண்டு ஈரத்தை விரட்டினோம். கேபிளைக் கீழிருந்து நுழைத்து, பாக்ஸுக்கு வருமுன் ஒரு வளைவு தொங்கவிட்டு, கிளாண்டை இறுக்கி, அடியில் சின்ன வடிகால் துளை போட்டு, பிளஸ்சுக்கும் மைனஸுக்கும் நடுவே ஒரு டெர்மினலைக் காலியாக விட்டோம். கடைசியாகச் சொன்னது காசே ஆகாத வேலை. ஈரப் பூமியில் நான் போடுகிற எந்த பாக்ஸிலும் அந்தக் காலி டெர்மினல் இருக்கும்.

கரண்டுக்கு இன்னொரு எல்லை உண்டு, அதை வேகமாகச் சொல்லிவிடலாம். தலைமதகில் நிற்பவனின் பிடிவாதத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. சப்ளை தருகிற வோல்ட்டுக்கு மேல் அவனால் தள்ளமுடியாது. பி.எல்.சி. 250 ஓம், ரெக்கார்டர் 250 ஓம், ஐசொலேட்டர் 50, கம்பி 22. மொத்தம் 572 ஓம். சப்ளை 24 என்று எழுதியிருந்தாலும் பழைய யூனிட் 22 தருகிறது. டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்க அதற்கே 12 வேண்டும். மீதி 10 வோல்ட்டை 572-ஆல் வகுத்தால் 17.5 மில்லிஆம்பியர். கருவி என்ன முயன்றாலும் 84 சதவீதத்துக்கு மேல் ஏறாது. காலியாகவும் பாதியாகவும் இருக்கும்போது துல்லியமாகக் காட்டுகிற தொட்டி, நிறையப்போகிற நேரத்தில் மட்டும் 84-இல் உட்கார்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பாதி அளவில் சோதித்துப் பயனில்லை, 20 மில்லிஆம்பியர் செலுத்தித்தான் பார்க்கவேண்டும். ஒரு லூப்பில் மூன்றாவது கருவியைச் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால் முதலில் இந்தக் கூட்டலைப் போடச் சொல்லுங்கள்.

வோல்டேஜின் இடம் எது? பேனலுக்கு உள்ளே. கண்டிஷனரிலிருந்து இன்வெர்ட்டருக்கு இரண்டு மீட்டர் வயர், ஒரே எர்த், ஒரே கூரை. அங்கே 0–10 வோல்ட் அழகாக வேலை செய்யும். ஒரே சிக்னலை மீட்டருக்கும் பி.எல்.சி.க்கும் இன்வெர்ட்டருக்கும் பக்கவாட்டில் பகிர்ந்துகொள்ளலாம். நடுவே ஒன்றைக் கழற்றினாலும் மற்றவற்றுக்குத் தொந்தரவில்லை. கரண்ட் லூப்பில் ஒருவரைக் கழற்றினால் எல்லோருக்கும் இருட்டு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: இன்வெர்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு இந்த வயரை ஒரே டிரங்கிங்கில் போடக்கூடாது. அந்தக் கேபிள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டப்பட்ட மின்சாரத்தைச் சுமப்பது. பக்கத்தில் படுத்திருக்கும் வோல்டேஜ் சிக்னலைச் சும்மா விடாது.

வாய்க்கால் மதகுகளில் சோலார் பேனலும் சின்ன பேட்டரியுமாக நிற்கிற நீர்மட்டப் பதிவுக் கருவிகளுக்கும் வோல்டேஜ்தான் என் தேர்வு. சென்சருக்கும் பதிவுப் பெட்டிக்கும் நடுவே சில மீட்டர்தான். 12 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் ஓடினால் கால் வாட். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு ஆறு வாட்-மணியை ஒட்டி ஆகும். ஒரு வாரம் விடாமல் மூடிக்கிடக்கும் வானத்தின் கீழே அது பெரிய தொகை. சன்னமாகச் சாப்பிடுகிற வோல்டேஜ் சென்சரைக் கால் மணிக்கு ஒருமுறை எழுப்பி, சில வினாடி அளந்துவிட்டு, திரும்பத் தூங்கவைத்தால் அந்தச் செலவு கண்ணில் படாத அளவுக்குக் குறைந்துவிடும். கசிவுக்கு அஞ்சாத குணமும் சேர்ந்துகொள்வதால் வரப்பு ஈரத்திலும் அது நின்று பேசும்.

கரண்டா வோல்டேஜா என்று கேட்கும் முன்னால், ஐசொலேஷன் இருக்கிறதா என்று கேட்கவேண்டிய ஊர் நம்முடையது. மின்னல் குளக்கரையில் விழுந்தால் அந்தக் கணத்தில் குளத்து மண்ணுக்கும் ஆலை மண்ணுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும், இரண்டு மண்ணையும் சேர்த்துக் கட்டியிருப்பது நம் கேபிள். எந்த அவுட்புட் வைத்திருந்தாலும் அதன் வழியாகத்தான் அது பி.எல்.சி.க்குள் வரும். மின்னல் இல்லாத நாளிலும் ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 25 கிலோவோல்ட் மேல்கம்பியோடு ஓடுகிற இரட்டை ரயில் பாதை இந்த ஊர் நடுவே போகிறது. அதற்கு இணையாக நீள ஓடும் எந்தக் கேபிளும் கொஞ்சம் 50 ஹெர்ட்ஸை வாங்கிக்கொண்டுதான் வரும். இன்புட், அவுட்புட், சப்ளை மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கிற கண்டிஷனருக்குக் கூடுதல் விலை உண்டு. கொடுக்கலாம். அதற்கு முன்னால் ஒரு சர்ஜ் அரெஸ்டர். அதன் எர்த் வயர் குட்டையாக, நேராக. ஷீல்டை ஒரு முனையில் மட்டும், பேனல் பக்கம் எர்த் செய்தால் போதும். பெருமின்னலில் ஐசொலேட்டர் எரிந்துபோகலாம். எரியட்டும். பதினாறு சானல் கார்டு பிழைத்துக்கொள்ளும்.

யார் பழுது பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். இரவு ஷிப்டில் ஒரு வயர்மேன், கையில் சாதாரண மல்ட்டிமீட்டர். வோல்டேஜ் சிக்னல் என்றால் இரண்டு முனையைத் தொட்டால் எண் வந்துவிடும். கரண்ட் என்றால் லூப்பை அறுத்து மீட்டரை நடுவே நுழைக்கவேண்டும், அறுத்த கணத்தில் பாய்லர் டிரிப் ஆகலாம். ஆகவே கரண்ட் லூப் போடும் இடங்களில் பேனல் டெர்மினலிலேயே 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்து, கார்டுக்கு 1–5 வோல்ட்டாக ஊட்டிவிடுவேன். கார்டைக் கழற்றினாலும் லூப் அறுந்துபோகாது. ரெசிஸ்டர் முனைகளை மீட்டரால் தொட்டாலே போதும்: 1 வோல்ட் என்றால் 4, 3 வோல்ட் என்றால் 12, 5 வோல்ட் என்றால் 20. வெளியே கரண்டின் உறுதி, உள்ளே வோல்டேஜின் சௌகரியம். அந்த ரெசிஸ்டர் 0.1 சதவீதத் துல்லியமாகவும் சூட்டுக்கு அசையாததாகவும் இருக்கட்டும். அதில் செலவாவது 0.1 வாட்தான் என்றாலும் அரை வாட் போடுங்கள், நம் பேனல்கள் உள்ளே கொதிக்கின்றன. பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் கையில் கொடுப்பது இந்த ரெசிஸ்டரைத்தான்.

இப்போது எல்லாமே டிஜிட்டல், இன்னுமா மில்லிஆம்பியர் என்று கேட்கிறார்கள். மாட்பஸ்ஸை நானும் போடுகிறேன்; கருவிகள் நெருக்கமாக நிறைய இருக்கும் இடத்தில் வயர் மிச்சம். ஆனால் ஹார்ட் நெறிமுறையைப் பாருங்கள்: அந்த டிஜிட்டல் பேச்சு 4–20-இன் முதுகில் ஏறித்தான் போகிறது, லூப்பில் குறைந்தது 230 ஓம் இல்லாவிட்டால் அதன் குரலே எழாது. நம் 250 ஓம் அங்கேயும் உதவுகிறது.

அண்மையில் ஒரு நெல் ஆலையின் உலர்த்திக்குக் கருவி அமைத்தோம். ஈரநெல் வந்து 14 சதவீத ஈரத்துக்கு இறங்கவேண்டும். சூடான காற்றின் வெப்பநிலை, தானியத்தின் வெப்பநிலை, காற்றின் அழுத்தம் மூன்றும் கோபுரத்தின் மேலே. தூசி மிகுதி, ஈரம் குறைவு, கேபிள் 60 மீட்டர், பக்கத்திலேயே பெரிய விசிறி மோட்டார்கள். மூன்றுக்கும் ஐசொலேஷனோடு 4–20 கேட்டேன். சென்சர் அறுந்தால் அளவு மேலே ஓடி பர்னரை அணைக்கும்படி சுவிட்சை வைத்தோம். விசிறியின் இன்வெர்ட்டருக்குப் பேனலுக்குள் 0–10 வோல்ட். நெல்லின் ஈரத்தைப் பார்க்கும் சென்சர் இரண்டு அவுட்புட்டும் தரக்கூடியது, மூன்று வயர், நல்ல சாப்பாட்டுக்காரன். அதன் இடம் கீழே கன்வேயர் வாயில், பேனலிலிருந்து எட்டு மீட்டர். மழைச்சாரல் அடிக்கிற மூலை. ஆலையின் சார்ஜ்மேன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி 4–20 ஆகவே வைக்கலாமே, ஸ்பேர் வைத்துக்கொள்ள லேசு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சாரலைக் காட்டி, சிக்னலுக்குத் தனித் திரும்பும் வயரோடு வோல்டேஜ் வைப்போம் என்றேன். பொது வயர் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. நான்கு கோர் போதும் என்ற இடத்தில் ஆறு கோர் கேபிள் இழுத்தோம். இரண்டு கோரை முனையில் டேப் சுற்றி, பேனல் படத்தில் ஸ்பேர் என்று குறித்திருக்கிறோம். அடுத்த மழைப் பருவத்தில் சார்ஜ்மேன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தால் அரைமணி நேரத்தில் கரண்டுக்கு மாற்றிவிடலாம்.